ஓடுற மிஷின்ல கை வைக்கலாமா?

பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறவனுக்கு ரவுட்டரோடு என்ன பஞ்சாயத்து என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். டெபிட், கிரெடிட்டை ஓரமாக வைத்துவிட்டு இந்தத் தடவை வைஃபை பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஒன்று போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் பிரச்சினையைச் சொல்லிவிடுகிறேன்.

கரையான்சாவடியில் எங்கள் வீடு. மெட்ரோ தூண்கள் நிற்கும் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. கீழே ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒரு ரூம். அந்த மாடி ரூம்தான் அக்காவின் ஆபீஸ். அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை. சாயங்காலம் ஆறரைக்கு ஹெட்செட்டை மாட்டினால் ராத்திரி மூன்றரைக்குத்தான் கழற்றுவாள்.

திடீரென்று ஒரு நாள் அவள் குரல் உடைய ஆரம்பித்தது. எதிர்முனையில் இருப்பவருக்கு 'ஹ..லோ.. மே.. ஹெல்..' என்று கேட்குமாம். ஏழேகால் வாக்கில் தொடங்கும். அரை மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிடும். மறுநாளும் அதே கதை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த டீம் லீடர், வீட்டு நெட் சரியில்லை என்றால் ஆபீஸுக்கே வந்துவிடுங்கள் என்று மெயில் போட்டுவிட்டார். ஆபீஸ் ஓ.எம்.ஆரின் அந்தக் கோடியில். ராத்திரி ஷிஃப்ட். 'அப்படி ஒரு வேலையே வேணாம்' என்று அப்பா முடித்துவிட்டார். என் காலேஜ் ஃபீஸில் பாதி அக்கா சம்பளத்தில்தான் கட்டுகிறோம். ஆக, இந்த ஏழேகால் மணி மர்மம் என் படிப்பு வரைக்கும் வந்து நின்றது.

நெட் கொடுக்கும் ஆபரேட்டருக்குப் போன் போட்டால், 'லைன் நல்லா இருக்கு தம்பி, உங்க ரவுட்டரைப் பாருங்க' என்றார்கள். அவர்கள் கொடுத்த ஃபைபர் பெட்டியில் வைஃபை கிடையாது. அதன் பின்னால் எங்கள் சொந்த ரவுட்டர் நிற்கிறது. நான்கு வருஷத்துக்கு முன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம். உள்ளே இருப்பது குவால்காம் ஏதெரோஸ் சிப். இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பன் ஒருவன் உண்டு. கேட்ட மாத்திரத்தில், 'கம்பெனி ஃபர்ம்வேரைத் தூக்கிப் போட்டுட்டு ஓப்பன்டபிள்யூஆர்டி போடு மச்சான், வைஃபை பறக்கும்' என்றான். (இனிமேல் சுருக்கமாக ஓப்பன்வர்ட் என்றே எழுதுகிறேன். நாக்கு சுளுக்கிக்கொள்கிறது.)

வீட்டில் சொன்னேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். முப்பது வருஷ அனுபவம். 'ஓடுற மிஷின்ல கை வைக்காத' என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, 'வைக்கிறதுன்னா முதல்ல அளந்துட்டு வை' என்றார்.

*

ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ரவுட்டர் என்பது சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் ஓடும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். பெட்டியைச் செய்த கம்பெனியே அதையும் போட்டுத் தருகிறது.

2002 டிசம்பரில் லிங்க்ஸிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல-கறுப்பு ரவுட்டரை வெளியிட்டது. 2003-ல் அந்தக் கம்பெனியை சிஸ்கோ வாங்கியது. அதே வருஷம், அந்த ரவுட்டருக்குள் ஓடுவது லினக்ஸ் என்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் விற்றால் அந்த மூல நிரலையும் கொடுக்க வேண்டும். இவர்கள் கொடுக்கவில்லை. சத்தம் கிளம்பியது, 2003-லேயே நிரல் வெளியே வந்தது. அதை வைத்துக்கொண்டு 2004-ல் ஆரம்பித்ததுதான் ஓப்பன்வர்ட். பெயரில் இருக்கும் 'டபிள்யூஆர்டி' அந்த ரவுட்டரிடமிருந்து வந்த இனிஷியல்தான். 2005-ல் டிடி-டபிள்யூஆர்டி வந்தது.

காமர்ஸ்காரனாக எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த காட்சி. 2005-ல் அதே ரவுட்டரின் ஐந்தாவது பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போட்டார்கள். நினைவகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். பழைய பதிப்புதான் வேண்டும் என்று ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்க, கடைசியில் 'எல்' என்ற எழுத்தைச் சேர்த்து லினக்ஸ் உள்ள பெட்டியைத் தனி மாடலாக விற்றார்கள். உள்ளே கை வைக்கவே ஒரு கூட்டம் காசு கொடுக்கும் என்று கம்பெனிக்கே தெரிந்துவிட்டது.

சரி, நம் அளவுக்கு வருவோம்.

*

அப்பா சொன்னபடி அளந்தேன். இன்டர்நெட் ஸ்பீடு டெஸ்ட் வேண்டாம், அதில் லைனின் வேகமும் கலந்துவிடும். வைஃபையை மட்டும் அளக்க, பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கேபிளில் ரவுட்டரோடு சேர்த்து, லேப்டாப்பிலிருந்து ஐபெர்ஃப் என்ற மென்பொருளால் சோதித்தேன். மூன்று இடம்: ஹால், படுக்கையறை, மாடி ரூம். ஒவ்வொரு இடத்திலும் பத்து தடவை. எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டு சராசரி எடுத்தேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் வாழ்க்கையில் முதல்முறையாக உபயோகப்பட்டது :-)

பிறகு ஓப்பன்வர்ட் ஏற்றி, ரவுட்டரை ஒரு இன்ச் கூட நகர்த்தாமல், அதே சேனலில், அதே இடங்களில் திரும்ப அளந்தேன்.

முடிவு? ஹாலில் 5 கிகாஹெர்ட்ஸில் கம்பெனி ஃபர்ம்வேர் சுமார் 310 எம்பிபிஎஸ். ஓப்பன்வர்ட் 290. குறைந்துவிட்டது! படுக்கையறையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. மாடி ரூமில் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் எட்டும். அங்கே அது 10 என்றால் இதுவும் 10.

நண்பன் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அப்புறம் உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது, இது இப்படித்தான் வரும். ரேடியோ அலையை அனுப்புவது சிப்பும் ஆண்டெனாவும். ஃபர்ம்வேர் மாறினால் ஆண்டெனா நீளாது, சுவர் மெலியாது. கம்பெனிக்காரர்கள் சிப் செய்தவர்களிடமிருந்து நேரடியாக டிரைவர் வாங்கி, தங்கள் பெட்டிக்கு ஏற்றபடி இழைத்து வைத்திருப்பார்கள். சில வேலைகளை ஹார்டுவேரே செய்யும்படி குறுக்குவழிகளும் இருக்கும். அதெல்லாம் திறந்த ஃபர்ம்வேருக்கு எப்போதும் கிடைப்பதில்லை. சிப்பைப் பொறுத்தும் மாறும். ஏதெரோஸ், மீடியாடெக் சிப்புகளுக்கு நல்ல திறந்த டிரைவர்கள் உண்டு. பிராட்காம் சிப் உள்ள பல ரவுட்டர்களுக்கு இல்லை. அவற்றில் ஓப்பன்வர்ட் போட்டால் வைஃபை முன்பைவிட மோசமாகலாம், வேலை செய்யாமலே கூடப் போகலாம். எங்களுடையது ஏதெரோஸ் என்பதால் தப்பித்தேன்.

'பவரைக் கூட்டு' என்று சிலர் சொல்வார்கள். அதிலும் பெரிய பிரயோஜனமில்லை. மாடியில் இருக்கும் ஆளை மைக் வைத்துக் கூப்பிடலாம். அவர் பதில் நம் காதில் விழ வேண்டாமா? லேப்டாப்பின் குரல் அதே சின்னக் குரல்தானே. தவிர, பவருக்குச் சட்டப்படி ஒரு வரம்பு உண்டு. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018-லும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன. இரண்டுமே வரம்போடுதான். அமெரிக்காவில் 2016-ல் டிபி-லிங்க் கம்பெனி, பயனர்கள் இந்த வரம்பைத் தாண்ட வழிவைத்ததற்காக 2 லட்சம் டாலர் கட்டியது. அதே உடன்பாட்டில், திறந்த ஃபர்ம்வேர் போட வழிசெய்யவும் ஒப்புக்கொண்டது. வரம்பை மீறாதே, ஆனால் கதவையும் பூட்டாதே என்று அர்த்தம்.

*

எக்ஸெல் ஷீட்டை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

'இதெல்லாம் எப்ப எடுத்த?'

'மத்தியானம்பா. யாரும் நெட் யூஸ் பண்ணாதப்போ.'

'லோடு இல்லாம ஓட்டினா எல்லா மிஷினும் நல்லாத்தான் ஓடும். ஜாப் மாட்டி ஓட்டிப் பார்த்தியா?'

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் மாடி ரூமில் உட்கார்ந்து பிங் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று பார்ப்பதுதான் பிங். ஆறரைக்கு 8, 9, 8. ஏழு மணிக்கும் அப்படியே. ஏழேகாலுக்கு 240. பிறகு 580. பிறகு 700.

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டு ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. அப்பா வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே அவர் போன் வைஃபையில் ஒட்டிக்கொள்கிறது. அன்றைக்குப் பட்டறையில் வாடிக்கையாளர்களுக்குக் காட்ட எடுத்த ஜாப் வீடியோக்களை எல்லாம் தானாக மேலே ஏற்ற ஆரம்பிக்கிறது. சமீபத்தில் போன் மாற்றினார். புதுப் போன், பெரிய வீடியோக்கள், ஆட்டோமேட்டிக் பேக்கப்.

ஏழேகால் மணி வில்லன் எங்கள் அப்பா!

எங்கள் லைனில் டவுன்லோடு 40 எம்பிபிஎஸ், அப்லோடு 10. அந்தப் பத்தையும் அப்பாவின் வீடியோ அடைத்துக்கொள்கிறது. ரேஷன் கடை க்யூவை நினைத்துப் பாருங்கள். ஒருத்தர் தெருவில் உள்ள அறுபது கார்டையும் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நிற்கிறார். அக்காவின் குரல் அரைக் கிலோ சர்க்கரை வாங்க வந்த கிழவி மாதிரி. வாங்குவது கொஞ்சம், ஆனால் அறுபது கார்டும் முடிகிற வரை நிற்க வேண்டும். 700 மில்லி செகண்ட் தாமதமாக வந்த குரலை வைத்துக்கொண்டு எதிர்முனை என்ன செய்யும்? தூக்கிப் போட்டுவிடும். அதுதான் 'ஹ..லோ.. மே..'.

க்யூ நீளமாக ஆனதற்கும் ஒரு காரணம் உண்டு. மெமரி விலை குறைந்ததால் செய்கிறவர்கள் பெட்டிக்குள் பெரிய பெரிய காத்திருப்பு அறைகளை வைத்துவிட்டார்கள். எதையும் தொலைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு நெட்டில் இதே மாதிரி அவதிப்பட்டுத் துருவிப் பார்த்து, இதை ஊருக்குச் சொன்னார். 'பஃபர்ப்ளோட்' என்று பெயர். தமிழில் க்யூ வீக்கம் எனலாமா?

வைத்தியம் 2012-ல் வந்தது. கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். க்யூவில் எத்தனை பேர் என்று அது எண்ணுவதில்லை, ஒவ்வொருவரும் எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி செகண்டுக்கு மேலேயே 100 மில்லி செகண்ட் வரை தொடர்ந்தால், ஒரு பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். அனுப்புகிறவர் 'ஓ, நெரிசல்' என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார். இதோடு ஆளுக்கொரு தனி வரிசை என்பதையும் சேர்த்தால் எஃப்க்யூ-கோடெல். கிழவி தனி வரிசையில் வந்து சர்க்கரையை வாங்கிக்கொண்டு போய்விடலாம். இதையெல்லாம் உருவாக்கி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஓப்பன்வர்ட்தான் சோதனைக்கூடமாக இருந்தது. டேவ் டாட் என்பவர் இதற்காகவே பல வருஷம் உழைத்தார். 2025-ல் காலமானார்.

ஓப்பன்வர்ட்டில் அப்பா வீடியோவை ஏற்றவிட்டு அளந்தேன். பிங் 500. அட, பெரிய மாற்றமில்லையே? காரணம், நெரிசல் எங்கள் ரவுட்டரில் இல்லை, அடுத்து நிற்கும் ஆபரேட்டர் பெட்டியில் இருக்கிறது. எஸ்க்யூஎம் என்ற கூடுதல் பொதியை நிறுவி, கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, அப்லோடை 9-க்கும் டவுன்லோடை 36-க்கும் கட்டிவைத்தேன். இப்போது க்யூ எங்கள் ரவுட்டருக்குள்ளேயே உருவாகும். நாம் சொன்னபடி கேட்கும்.

பிங்: 22.

பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து 700-ஐ 22 ஆக்கினேன். இதைவிட நல்ல டிஸ்கவுன்ட்டை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கவில்லை.

*

ஆனால் நேர்மையாக ஒப்பிட வேண்டாமா? கம்பெனி ஃபர்ம்வேரையும் லோடு போட்டு முறையாக அளக்க வேண்டும் என்று திரும்ப அதை ஏற்றினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் கரண்ட் போனது.

வந்தபோது ரவுட்டரில் ஒரே ஒரு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. மணி நாலே முக்கால். அக்கா ஷிஃப்ட் ஆறரைக்கு. அவள் ஒன்றும் திட்டவில்லை. 'ஆறு மணிக்குள்ள வரலைன்னா சொல்லிடுடா, லீவ் போட்டுடறேன்' என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நண்பன் போனிலேயே வழி சொன்னான். லேப்டாப்பில் ஒரு குறிப்பிட்ட ஐபி முகவரி கொடுத்து, கேபிள் மாட்டி, ரீசெட் பட்டனை அமுக்கிக்கொண்டே ரவுட்டரை ஆன் செய்தால், டிஎஃப்டிபி என்ற பழைய முறையில் அது கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நான்காவது முயற்சியில் வாங்கிக்கொண்டது. ஐந்து ஐம்பதுக்கு எல்லா விளக்கும் எரிந்தது. அம்மா பூஜை ரூமில் கற்பூரம் ஏற்றினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா, 'வைஃபை வைஃபைன்றியே, எங்க ஊர்ல அம்மாச்சிக்குக் கண் பார்த்தது கூட அதுலதான்னு சொல்லிக்கிட்டாங்க. டாக்டர் டிவிக்குள்ள உட்கார்ந்து பேசினாராம்' என்றார். அம்மாவுக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். தேடிப் பார்த்தேன். நான் இத்தனை நாள் குடைந்துகொண்டிருந்த விஷயத்தின் பெரியப்பா அங்கே இருந்தது.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டார ஊர்களில் இருந்த சின்னக் கண் மையங்களையும் 2000-களின் நடுவில் நெடுந்தூர வைஃபையால் இணைத்தார்கள். எரிக் ப்ரூவர் தலைமையில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு அரவிந்தோடு சேர்ந்து செய்தது. கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்ப்பார். ஃபைபர் இல்லை, விலை உயர்ந்த மைக்ரோவேவ் இல்லை. நம் வீட்டில் இருப்பது போன்ற மலிவான வைஃபை கார்டு, சின்ன போர்டு, லினக்ஸ், உயரத்தில் ஒரு ஆண்டெனா.

இதில் ஒரு சிக்கல். வைஃபை ஒவ்வொரு பாக்கெட்டை அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். வரவில்லை என்றால் தொலைந்துவிட்டது என்று திரும்ப அனுப்பும். அந்தக் கொஞ்ச நேரம் வீடு, ஆபீஸ் தூரத்துக்காக வைத்த கணக்கு. ரேடியோ அலை ஒரு மைக்ரோ செகண்டில் 300 மீட்டர்தான் போகும். 15 கிலோமீட்டர் என்றால் போக 50, வர 50. பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே இங்கே பொறுமை போய்விடும். பேசுவதற்கு முன் காற்றில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்கும் வழக்கமும் அந்தத் தூரத்தில் பலிக்காது.

இது ஆண்டெனாவின் குற்றமோ கார்டின் குற்றமோ கிடையாது. மென்பொருளில் ஒருத்தர் எழுதிவைத்த அனுமானம். மென்பொருள் திறந்திருந்ததால் அந்தக் குழு அதை மாற்றி எழுதியது. காத்திருந்து பதில் வாங்குவதற்குப் பதில் ஆளுக்கொரு நேரம் என்று முறை வைத்தார்கள். பதில்களை மொத்தமாக அனுப்பினார்கள். தொலைந்ததை மீட்கக் கூடுதல் தகவலைச் சேர்த்தார்கள். வில்ட்நெட் என்று பெயர் வைத்து 2007-ல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அதே மலிவுக் கார்டுகளில், வழக்கமான வைஃபை தரக்கூடிய மிக நல்ல வேகத்தைவிட 2 முதல் 5 மடங்கு.

இரண்டு முதல் ஐந்து மடங்கு! நான் 310-ஐ 290 ஆக்கியவன்.

2008-ல் அதே குழு இன்னொரு கட்டுரை எழுதியது. எனக்கு அதுதான் இன்னும் பிடித்தது. அப்போது அரவிந்த் வலையமைப்பில் மாதம் சுமார் 3000 நோயாளிகள் வீடியோவில் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டுரை வேகத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஏற்ற இறக்கமான கரண்ட்டில் பாகங்கள் போவது, உள்ளூரில் பழுது பார்க்க ஆள் இல்லாதது, தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது, விழுந்த பெட்டியை எப்படி எழுப்புவது. இதைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நாலே முக்காலுக்கு ஒற்றை விளக்கோடு உட்கார்ந்திருந்தவனுக்கு அதைப் படிக்கும்போது கண் கலங்கியது என்றால் நம்புவீர்களா?

ஓப்பன்வர்ட்டின் வைஃபை பக்கத்தில் 'தூரம்' என்று ஒரு கட்டம் உண்டு. எத்தனை மீட்டர் என்று நாமே எழுதலாம். அந்தப் பொறுமையின் அளவுதான் அது. எங்கள் ரவுட்டரின் கம்பெனிப் பக்கத்தில் அந்தக் கட்டமே இல்லை. வீட்டுக்குள் எனக்கும் அது தேவைப்படவில்லை. ஆனால் அங்கே இருக்கிறது.

*

மாடி ரூம் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். எஸ்க்யூஎம் போட்ட பிறகு ஏழேகால் தொல்லை போய்விட்டது. ஆனாலும் எப்போதாவது ஒரு வார்த்தை விழுங்கப்பட்டது. மாடிக்கு சிக்னல் பலவீனம், அதனால் அக்கா லேப்டாப் மெதுவாகப் பேசுகிறது. மெதுவாகப் பேசுகிறவர் காற்றை அதிக நேரம் பிடித்துக்கொள்வார். வைஃபை எல்லோருக்கும் சம வாய்ப்பு கொடுக்கிறது, சம நேரம் கொடுப்பதில்லை. ஒரு ஆள் மெதுவானால் ஊரே மெதுவாகும்.

அதையும் அளந்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஹால் லேப்டாப் தனியாக 70 வரும், மாடி லேப்டாப் தனியாக 10. இரண்டும் ஒன்றாக இழுத்தால் கம்பெனி ஃபர்ம்வேரில் ஆளுக்கு 9. ஓப்பன்வர்ட்டில் ஹாலுக்கு 33, மாடிக்கு 5. காற்றை நேரத்தால் பங்கு போடும் முறை ஏதெரோஸ் டிரைவரில் இருக்கிறது. 2017-ல் ஒரு ஆய்வுக் குழு வெளியிட்டது. நெரிசலில் தாமதம் பத்தில் ஒரு பங்காகிறது என்று காட்டியிருந்தார்கள். இந்த முழுக் கதையிலும் வைஃபை என்று பார்த்தால் ஓப்பன்வர்ட் தெளிவாக ஜெயித்த இடம் இதுதான். அக்காவுக்கு 9 போய் 5 ஆனது பற்றிக் கவலை வேண்டாம், குரலுக்கு அதில் ஐம்பதில் ஒரு பங்கு போதும்.

ஆனால் மாடியில் சிக்னலே மெலிந்திருப்பதற்கு எந்த ஃபர்ம்வேரும் மருந்து இல்லை. 500 ரூபாய்க்கு நெட்வொர்க் கேபிள் வாங்கி, ஜன்னல் வழியாக மாடிக்கு இழுத்து, இன்னொரு பழைய ரவுட்டரை அங்கே வைத்தேன். அன்றோடு விழுங்கல் நின்றது. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். கேபிளை மட்டும் இழுத்திருந்தால் அப்பாவின் வீடியோ க்யூ அப்படியே இருந்திருக்கும்.

யாராவது என்னிடம் ஓப்பன்வர்ட் போடலாமா என்று கேட்டால் இப்போது இப்படிச் சொல்கிறேன். வேகத்துக்காகப் போடாதீர்கள். முதலில் என்ன சிப் என்று பாருங்கள். லோடு போட்டு அளங்கள், பிங்கைப் பாருங்கள். காத்திருப்புதான் நோய் என்றால் போடுங்கள். கம்பெனி கைவிட்ட பழைய பெட்டிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டும் என்றாலும் போடலாம். கரண்ட் போகாத நேரத்தில், யுபிஎஸ்ஸில் மாட்டிச் செய்யுங்கள். கம்பெனிக்காரர் ஒரு சராசரி வீட்டை மனதில் வைத்துச் செய்கிறார், அது தப்பில்லை. நம் வீடு சராசரியாக இல்லாதபோது உள்ளே போய்த் திருத்த ஒரு வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் ஆகிறது. அக்காவின் அழைப்புகளில் உடைந்த குரல் என்று ஒரு புகார் இல்லை. ஆனால் அவர்கள் ஆபீஸில் புது விதி வந்துவிட்டது, எல்லோரும் வாரத்துக்கு இரண்டு நாள் நேரில் வர வேண்டுமாம். அதை மாற்றி எழுத என்னிடம் ஃபர்ம்வேர் இல்லை. கேப் அனுப்புகிறார்கள். அந்த இரண்டு நாளும் அவள் வருகிற வரை அப்பா ஹாலில் விழித்திருக்கிறார், போனில் வீடியோ ஏறிக்கொண்டிருக்கிறது.

பி.கு.: 'ஓடுற மிஷின்ல கை வெச்சியே, என்ன கத்துக்கிட்ட?' என்று அப்பா கேட்டார். 'லோடு போட்டு அளக்கணும்பா' என்றேன். 'அது நான் சொன்னது' என்றார்.